அமெரிக்காவின் லத்தீனோ மக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஐந்தில் ஒருவர் லத்தீனோ. எல்லைச் சுவர், சட்டவிரோதக் குடியேற்றம், தேர்தல் என்று செய்தி வரும்போது மட்டும்தான் இவர்கள் நம் கண்ணில் படுகிறார்கள். டெக்சாஸில் வசிக்கும் என்னிடம் ஊரிலிருந்து பேசுகிறவர்கள் கேட்கும் கேள்விகளையும், இங்கே புதிதாக வந்த தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகளையும் சேர்த்துத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

லத்தீனோ என்றால் யார்? ஹிஸ்பானிக் என்பதும் அதுதானா?

பேச்சு வழக்கில் இரண்டும் ஒன்றுதான். நுணுகிப் பார்த்தால் வித்தியாசம் உண்டு. ஹிஸ்பானிக் என்பது ஸ்பானிஷ் மொழியை வைத்து வந்த பெயர், லத்தீனோ என்பது லத்தீன் அமெரிக்க நிலத்தை வைத்து வந்த பெயர். ஸ்பெயினிலிருந்து வந்தவர் ஹிஸ்பானிக், ஆனால் லத்தீனோ இல்லை. போர்த்துகீசியம் பேசும் பிரேசில்காரர் லத்தீனோ, ஆனால் ஹிஸ்பானிக் இல்லை. 1976-ல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்த மக்களைப் பற்றித் தனியாகப் புள்ளிவிவரம் எடுக்கச் சட்டம் போட்டது. 1980 கணக்கெடுப்பில்தான் எல்லா வீடுகளிலும் இந்தக் கேள்வி கேட்கப்பட்டது.

ஆனால் அவர்களையே கேட்டால் பெரும்பாலும் இந்த இரண்டு சொல்லும் வராது. "நான் மெக்சிகோக்காரன்", "எங்கள் குடும்பம் சால்வடோர்", "போரிக்குவா" என்றுதான் சொல்வார்கள். போரிக்குவா என்பது புவேர்ட்டோ ரிக்கோக்காரர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர். இருபது நாட்டுக்காரர்களை ஒரே மூட்டையில் கட்டிய சொல் இது என்பதை மறந்தால் பின்னால் வரும் எதுவும் சரியாகப் புரியாது.

எத்தனை பேர்? எவ்வளவு வேகமாகப் பெருகினார்கள்?

1980-ல் சுமார் 1.46 கோடி. 2000-ல் 3.53 கோடி. 2020 கணக்கெடுப்பில் 6.21 கோடி, மொத்த மக்கள்தொகையில் 18.7 சதவீதம். 2010-க்கும் 2020-க்கும் இடையே அமெரிக்காவில் கூடிய மக்கள்தொகையில் பாதிக்குச் சற்று மேல் லத்தீனோக்கள். கலிஃபோர்னியாவில் இன்று மிகப் பெரிய இனக்குழு அவர்கள்தான். டெக்சாஸிலும் வெள்ளையர்களை எண்ணிக்கையில் தாண்டிவிட்டார்கள். நியூ மெக்சிகோவில் கிட்டத்தட்டப் பாதிப் பேர். மொத்தத்தில் பத்தில் ஆறு பேருக்கு மெக்சிகோ பூர்வீகம். புவேர்ட்டோ ரிக்கோ, எல் சால்வடோர், கியூபா, டொமினிக்கன் குடியரசு, குவாத்தமாலா என்று மற்றவர்கள் வருகிறார்கள்.

எல்லோரும் எல்லை தாண்டி வந்தவர்கள்தானே?

நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். நேரான பதில், இல்லை.

1846-ல் அமெரிக்காவோடு தொடங்கிய போரில் மெக்சிகோ தோற்றது. 1848-ல் குவாதலூப்பே இதால்கோ ஒப்பந்தம் கையெழுத்தானபோது, ஏற்கெனவே கைவிட்டுப்போன டெக்சாஸையும் சேர்த்தால், தன் நிலத்தில் பாதிக்கு மேல் மெக்சிகோ இழந்திருந்தது. இன்றைய கலிஃபோர்னியா, நெவாடா, யூட்டா, அரிசோனா, நியூ மெக்சிகோவின் பெரும்பகுதி எல்லாம் அந்த நிலம். அங்கே குடியிருந்தவர்கள் எங்கும் போகவில்லை. ராத்திரி மெக்சிகோவில் படுத்து, காலையில் அமெரிக்காவில் எழுந்த மாதிரி. "நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டியது" என்று அந்தக் குடும்பங்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். லாஸ் ஏஞ்சலஸ், சான் அன்டோனியோ, சாந்தா ஃபே என்று ஊர்ப் பெயர்களே சாட்சி சொல்கின்றன.

புவேர்ட்டோ ரிக்கோ கதை வேறு. 1898-ல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா அந்தத் தீவை எடுத்துக்கொண்டது. 1917-லிருந்து தீவு மக்கள் அமெரிக்கக் குடிமக்கள். அவர்கள் நியூயார்க்குக்கோ ஃப்ளோரிடாவுக்கோ வருவது நாம் மதுரையிலிருந்து சென்னைக்குப் போவது போலத்தான். விசா கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது. 2017-ல் மரியா புயல் தீவையே புரட்டிப் போட்டபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஆர்லாண்டோ பக்கம் வந்து சேர்ந்தன. அவர்களையும் "உன் நாட்டுக்குப் போ" என்று அதட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று. 2000-க்குப் பிறகு இந்த வளர்ச்சிக்கு முதல் காரணம் எல்லை அல்ல, பிரசவ அறை. லத்தீனோக்களில் மூன்றில் இரண்டு பேர் அமெரிக்க மண்ணில் பிறந்தவர்கள். அப்புறம் குடியுரிமை பெற்றவர்களையும் சேர்த்தால் ஐந்தில் நான்கு பேர் குடிமக்கள். வெள்ளையர்களின் நடு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, லத்தீனோக்களின் நடு வயது முப்பது வாக்கில்தான் இருக்கிறது. இன்றைக்கே எல்லையை முழுக்க அடைத்தாலும் இந்த வளர்ச்சி நிற்காது.

அப்படியானால் 20-ஆம் நூற்றாண்டில் இத்தனை பேர் வந்தது ஏன்?

கூப்பிட்டதால் வந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இளைஞர்கள் போர்முனைக்குப் போனதும் வயலில் ஆள் இல்லை. 1942-ல் மெக்சிகோ அரசோடு பேசி பிராசெரோ திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். பிராசோ என்றால் ஸ்பானிஷில் கை. ஆளை அல்ல, கையைத்தான் கேட்டார்கள் என்பதை அந்தப் பெயரே காட்டிவிடுகிறது. 1964 வரை 45 லட்சத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள் போடப்பட்டன. தொடக்க ஆண்டுகளில் சேமிப்பு என்று கூலியில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்தார்கள். அது பலருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.

திட்டம் முடிந்தது, ஆனால் தக்காளியும் திராட்சையும் பழுப்பது நிற்கவில்லை. 1965 குடியேற்றச் சட்டம் முதன்முறையாக மெக்சிகோ உள்ளிட்ட மேற்கு அரைக்கோள நாடுகளுக்கும் ஆண்டு உச்சவரம்பு வைத்தது. அதே தோட்டம், அதே ஆள், அதே வேலை. முந்தைய ஆண்டு ஒப்பந்தத்தோடு வந்தவர் இப்போது சட்டவிரோதமாக வருகிறவர் ஆனார். "சட்டப்படி வரவேண்டியதுதானே" என்று சுலபமாகச் சொல்கிறோம். ஏழைத் தொழிலாளி வரிசையில் நிற்பதற்கு வரிசையே இல்லாமல் போனதைப் பற்றிப் பேசுவதில்லை.

எல் சால்வடோரிலும் குவாத்தமாலாவிலும் நடந்த உள்நாட்டுப் போர்கள் லட்சக்கணக்கானவர்களைத் துரத்தின. அந்தப் போர்களில் வாஷிங்டனின் பணமும் ஆயுதமும் இருந்தன. கியூபாவிலிருந்து 1959 புரட்சிக்குப் பின் வந்தவர்கள் மயாமியின் முகத்தையே மாற்றினார்கள். 1980-ல் மாரியெல் துறைமுகத்திலிருந்து மட்டும் சில மாதங்களில் சுமார் 1,25,000 பேர் படகில் வந்து இறங்கினார்கள்.

1986-ல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தால் சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்டபூர்வத் தகுதி கிடைத்தது. பெரும்பாலோர் மெக்சிகோக்காரர்கள். 1990-களில் எல்லைக் காவலை இறுக்கியபோது யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. அதுவரை அறுவடைக்கு வந்து, முடிந்ததும் ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்கள், திரும்பிப் போனால் மறுபடி வரமுடியாது என்று பயந்து அங்கேயே தங்கினார்கள், மனைவி பிள்ளைகளையும் வரவழைத்துக்கொண்டார்கள்.

ஒரு சின்ன ஊரில் இந்த மாற்றம் எப்படி இருக்கும்?

ஜார்ஜியா மாநிலத்தின் வடக்கே மலையடிவாரத்தில் டால்ட்டன் என்று ஓர் ஊர். உலகத்தின் தரைவிரிப்புத் தலைநகர் என்று அதற்குப் பெயர். முன்பு அங்கே ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர் வெள்ளையர்கள். 1980-களின் இறுதியிலிருந்து மெக்சிகோ தொழிலாளர்கள் வரத் தொடங்கினார்கள். 1986 சட்டத்தால் கையில் காகிதம், அதாவது சட்டப்படி தங்குவதற்கான ஆவணம், கிடைத்தவர்கள் கலிஃபோர்னியா, டெக்சாஸ் வயல்களை விட்டு, ஆண்டு முழுக்கச் சம்பளம் தரும் இந்த ஆலைகளையும் கோழி இறைச்சி ஆலைகளையும் தேடி வந்தார்கள். விரல் விட்டு எண்ணும் அளவுக்கு இருந்த லத்தீனோ மாணவர்கள் ஒரு தலைமுறைக்குள் நகரப் பள்ளிகளில் பெரும்பான்மை ஆனார்கள். இன்று ஊரில் ஏறக்குறையப் பாதிப் பேர் லத்தீனோ.

எரிச்சல் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே நடந்த ஒரு காரியத்தை நான் எல்லோரிடமும் சொல்வேன். பிள்ளைகள் பேசுவது ஆசிரியருக்குப் புரியவில்லை, ஆசிரியர் பேசுவது பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும், அந்த ஊர் வழக்கறிஞரும் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினருமான எர்வின் மிட்சல் முன்நின்று மெக்சிகோவின் மான்டெர்ரே பல்கலைக்கழகத்தோடு பேசினார். 1990-களின் பிற்பாதியில் அங்கிருந்து ஆசிரியைகள் டால்ட்டன் வகுப்பறைகளுக்கு வந்தார்கள். இங்குள்ள ஆசிரியர்கள் மான்டெர்ரே போய்ப் படித்துவிட்டு வந்தார்கள். ஜார்ஜியா திட்டம் என்று அதற்குப் பெயர். பத்தாண்டு அளவில் பணமும் ஆதரவும் வற்றி அது நின்றுபோனது எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனால் ஒரு தொழில் ஊர், தன் ஆலைக்கு வந்த தொழிலாளியின் பிள்ளையைத் தன் பிள்ளையாக எண்ணி எழுத்தறிவிக்க நாடு கடந்து ஆள் தேடியது.

உள்ளூர்க்காரர்களின் வேலையும் கூலியும் பறிபோகிறதா?

நியாயமான கேள்வி. 2016-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் இதற்காகவே ஒரு பெரிய ஆய்வறிக்கை வெளியிட்டன. லத்தீனோ மட்டுமல்ல, எல்லாக் குடியேறிகளையும் சேர்த்துப் பார்த்தது அது. நீண்ட காலத்தில் உள்ளூர்க்காரர்களின் மொத்தக் கூலியில் பாதிப்பு மிகச் சிறிது. அடி விழுந்தால் அது பெரும்பாலும் முன்னால் வந்து குடியேறியவர்கள் மேலும், பள்ளிப்படிப்பை முடிக்காத உள்ளூர்த் தொழிலாளிகள் மேலும்தான் விழுகிறது. முதல் தலைமுறையின் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் செலவு மாநில, உள்ளூர் அரசுகளின் தலையில் ஏறுகிறது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்ததும் வரி கட்டுவதில் முன்வரிசையில் நிற்கிறார்கள்.

ஆகவே பாதிப்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். செலவு ஓர் ஊருக்கு, இன்றைக்கு. வரவு நாட்டுக்கு, இருபது வருடம் கழித்து. சண்டை பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

2017-ல் ஹார்வி புயல் ஹூஸ்டனை மூழ்கடித்தது. அதற்குப் பின் நனைந்த சுவர்களைப் பெயர்த்ததும், கூரை போட்டதும் பெரும்பாலும் லத்தீனோ கைகள்தான். நாடு முழுக்கக் கட்டுமானத் தொழிலில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் லத்தீனோ.

வரி கட்டுவதில்லை, குற்றம் பெருகுகிறது என்கிறார்களே?

இரண்டும் தவறு. காகிதம் இல்லாதவர்கள் கூட வரி கட்டுகிறார்கள். 2022-ல் அவர்கள் எல்லா நாட்டுக்காரர்களுமாகச் சேர்ந்து கட்டிய வரி சுமார் 9,700 கோடி டாலர் என்று வரி ஆய்வாளர்களின் ஒரு கணிப்பு. அவர்கள் சம்பளத்திலிருந்து ஓய்வூதிய நிதிக்குப் பணம் பிடிக்கிறார்கள், ஆனால் அந்த ஓய்வூதியத்தை அவர்கள் வாங்க முடியாது. குற்றம் பற்றி டெக்சாஸ் அரசின் கைதுப் பதிவுகளை வைத்தே ஆய்ந்திருக்கிறார்கள். அங்கேயே பிறந்தவர்களைவிடக் குடியேறிகளின் குற்ற விகிதம் குறைவு என்றே தெரிந்தது.

வயல் தொழிலாளர்கள் நிலைமை?

எல் கொர்த்தீத்தோ என்றால் குட்டையானது. கலிஃபோர்னியாவின் கீரை, பீட்ரூட் வயல்களில் கொடுக்கப்பட்ட குட்டைப்பிடி மண்வெட்டிக்கு அந்தப் பெயர். அதைப் பிடித்துக் களையெடுக்க நாள் முழுக்க இடுப்பை வளைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிமிர்ந்தவன் வேலை செய்யாதவன் என்று தூரத்திலிருந்தே மேஸ்திரிக்குத் தெரிந்துவிடும். முப்பது வயதில் முதுகு போனவர்கள் ஏராளம். 1975-ல்தான் கலிஃபோர்னியா அதைத் தடை செய்தது.

1935-ல் தொழிற்சங்க உரிமைச் சட்டம் வந்தபோது வயல் தொழிலாளியை வெளியே தள்ளினார்கள். 1938-ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலும் அப்படியே. 1965 செப்டம்பரில் டெலானோ ஊரில் முதலில் வேலையை நிறுத்தியவர்கள் ஃபிலிப்பினோ தொழிலாளர்கள், லாரி இட்லியோங் தலைமையில். எட்டு நாள் கழித்து சேசர் சாவேஸ், டோலோரஸ் உவெர்த்தாவின் மெக்சிகோ சங்கம் சேர்ந்துகொண்டது. "திராட்சை வாங்காதீர்கள்" என்று நாடு முழுக்கக் குடும்பத் தலைவிகளிடம் கேட்டார்கள். ஐந்து வருடம் பிடித்தது. 1970-ல் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பின்னாளில் ஒபாமா பிரசாரத்தில் ஒலித்த "முடியும்" என்ற முழக்கத்துக்கு மூலம், 1972-ல் அரிசோனாவில் உவெர்த்தா தொடங்கிவைத்த "சீ, சே புவேதே".

பள்ளிகளில் என்ன மாறியது?

கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் வைத்தது உலகத்துக்குத் தெரியும். மெக்சிகோப் பிள்ளைகளையும் அப்படி வைத்தது பலருக்குத் தெரியாது. கலிஃபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டர் ஊரில் 1944-ல் மெந்தெஸ் குடும்பம் ஒரு பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தது. அதன் சொந்தக்காரர்களான ஜப்பானிய அமெரிக்கக் குடும்பத்தை அப்போது அரசு முகாமில் அடைத்து வைத்திருந்தது. அங்கிருந்த நல்ல பள்ளியில் மெந்தெஸ் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்தார்கள். கூடப் போன வெளிர்நிற உறவுப் பிள்ளைகளுக்கு இடம் உண்டு, இவர்களுக்கு இல்லை. அப்பா மெக்சிகோ, அம்மா புவேர்ட்டோ ரிக்கோ. அவர்கள் வழக்குப் போட்டு 1947-ல் மேல்முறையீட்டிலும் வென்றார்கள். அதே ஆண்டு கலிஃபோர்னியா ஆளுநர் ஏர்ல் வாரன் இனப் பிரிவினையை அனுமதித்த பள்ளிச் சட்டங்களை நீக்கக் கையெழுத்திட்டார். ஏழு ஆண்டுகள் கழித்து, நாடு முழுக்கப் பள்ளிப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு எழுதிய தலைமை நீதிபதியும் அவர்தான்.

2000-ல் லத்தீனோ இளைஞர்களில் சுமார் 28 சதவீதம் பேர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள். 2021-ல் அது சுமார் 8 சதவீதம். இருபது வருடத்தில் இவ்வளவு ஏறியிருப்பதைத் தொலைக்காட்சி விவாதங்களில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஸ்பானிஷ் ஆங்கிலத்தை விழுங்கிவிடுமா?

நடப்பது நேர் எதிர். வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் நான்கு கோடிக்கு மேல் என்பது உண்மை. ஆனால் அமெரிக்காவில் பிறந்த லத்தீனோக்களில் பத்தில் ஒன்பது பேர் ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறார்கள். மூன்றாம் தலைமுறையில் ஸ்பானிஷ்தான் தேய்கிறது. பாட்டியிடம் பேசத் தெரியாமல் விழிக்கும் பேரப்பிள்ளைகளை "நோ சாபோ" என்று கேலி செய்கிறார்கள். "தெரியாது" என்பதையே அந்தப் பிள்ளைகள் தப்பாகச் சொல்வதைக் குறிக்கும் பெயர் அது. கேட்கச் சின்னக் கேலி, அந்தப் பிள்ளைக்குப் பெரிய காயம். ஒரு காலத்தில் பள்ளியில் ஸ்பானிஷ் பேசியதற்கு அடி வாங்கிய பெற்றோர்கள், பிள்ளைக்கும் அந்த அடி வேண்டாம் என்றுதான் வீட்டில் மொழியை நிறுத்தினார்கள். சனி, ஞாயிறுகளில் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடும் நமக்கு இந்தக் கதை புரியாமல் இருக்காது.

எல்லோரும் ஒரே கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுகிறார்களா?

இல்லை. 1994-ல் கலிஃபோர்னியாவில் காகிதம் இல்லாதவர்களுக்குப் பள்ளியும் மருத்துவமும் மறுக்கும் 187-ஆம் முன்மொழிவு 59 சதவீத ஓட்டில் நிறைவேறியது. நீதிமன்றம் அதை முடக்கியது. ஆனால் அந்த அவமானம் ஒரு தலைமுறையை அரசியலுக்கு இழுத்தது. பொறியியல் படித்துவிட்டு வந்திருந்த அலெக்ஸ் பதியா அப்போது ஜனநாயகக் கட்சி அரசியலில் இறங்கி, 2021-ல் கலிஃபோர்னியாவின் முதல் லத்தீனோ செனட்டர் ஆனார்.

மறுபக்கம், டெக்சாஸின் தென்கோடியில் கிட்டத்தட்ட முழுக்க லத்தீனோக்கள் வாழும் ஸ்டார் மாவட்டம். 1892-க்குப் பிறகு முதன்முறையாக 2024 அதிபர் தேர்தலில் அது குடியரசுக் கட்சிக்குப் போனது. விலைவாசி, எண்ணெய் வயல் வேலை, தேவாலயம், எல்லைக் காவல் படையில் சம்பளம் வாங்கும் சொந்தக்காரர்கள் என்று அங்கே கணக்கு வேறு. மயாமிக் கியூபர்களுக்குக் கம்யூனிசம் என்ற சொல்லே போதும். இத்தனை விதமான மக்களை ஒரே ஓட்டு வங்கியாகப் பார்த்த கட்சிகள் ஏமாந்துபோயின.

சாப்பாட்டில் என்ன தாக்கம்?

1990-களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் விற்பனைத் தொகையில் கெட்சப்பை சால்சா என்ற தக்காளி, மிளகாய்த் துவையல் முந்திவிட்டது. நம் கதையும் இதில் சேரும். மிளகாய், தக்காளி, கொய்யா, பப்பாளி எல்லாம் அவர்கள் முன்னோர் பயிரிட்டவை. நாம் சப்போட்டா என்று சொல்வது மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்டில் சொல்லிலிருந்து ஸ்பானிஷ் வழியாக வந்தது.

இப்போது அவர்கள் பயப்படுவது எதற்கு?

2025 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் குடியேற்றத் துறை தேடுதல் வேட்டை நடத்தியது. எதிர்ப்புகள் எழுந்தன, தேசியக் காவல் படை இறக்கப்பட்டது. ஒரே வீட்டில் அப்பாவுக்குக் காகிதம் இல்லை, அம்மாவுக்குத் தற்காலிக அனுமதி, பிள்ளைகள் குடிமக்கள் என்று இருக்கும் குடும்பங்கள் ஏராளம். ஒருவருக்கு வரும் பயம் அத்தனை பேருக்கும் வருகிறது.

இந்தப் பயத்துக்கு முன்கதை உண்டு. 1930-களின் பொருளாதார மந்தத்தில் லட்சக்கணக்கான மெக்சிகோ வம்சாவளியினரை ரயிலேற்றி அனுப்பினார்கள். அவர்களில் பலர் அமெரிக்கக் குடிமக்கள், நிறையப் பேர் குழந்தைகள். கலிஃபோர்னியா 2005-ல் சட்டம் இயற்றி அதற்கு மன்னிப்புக் கேட்டது. பாட்டி சொன்ன அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பேத்தி, தான் குடிமகளாக இருந்தும் இன்று பாஸ்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போவதில் எனக்கு ஆச்சரியமில்லை.

இனி எவ்வளவு வளர்வார்கள்?

அதை அவர்கள் பேனாவும் தீர்மானிக்கும். அமெரிக்கக் கணக்கெடுப்பில் யார் என்ன என்பதை அவரவரே குறிக்க வேண்டும். இதுவரை "நீங்கள் ஹிஸ்பானிக்கா?" என்று ஒரு கேள்வி, "உங்கள் இனம் எது?" என்று தனியாக ஒரு கேள்வி. இரண்டாவதற்கு வெள்ளை, கறுப்பு எதுவும் பொருந்தாமல் 2020-ல் கோடிக்கணக்கான லத்தீனோக்கள் "வேறு" என்ற கட்டத்தைத் தொட்டார்கள். அந்த "வேறு" நாட்டின் இரண்டாவது பெரிய இனப்பிரிவாகவே ஆகிவிட்டது. இரண்டையும் ஒரே கேள்வியாக்க 2024 மார்ச்சில் விதி மாற்றினார்கள். நான்காம் தலைமுறைக்கு வந்தால், லத்தீனோ முன்னோர் உள்ளவர்களில் பாதிப் பேர் தங்களை ஹிஸ்பானிக் என்று சொல்லிக்கொள்வதில்லை என்று 2017-ல் பியூ ஆய்வு மையம் கண்டது. கர்சியா என்ற பெயர் இருக்கும், வீட்டில் தமாலே என்ற சோளமாவுக் கொழுக்கட்டை வேகும், ஆனால் அந்தக் கட்டத்தில் டிக் இருக்காது.